முறிகண்டிக் கச்சானை அம்மா ஏன் விடுகிறாரில்லை?

குளக்கட்டான்:
அம்மாவுக்கு 64 வயது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் கடலை வறுத்து விற்கிறார். ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் அங்கே நின்று தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டு போவது உங்களுக்குத் தெரியும்தானே. போர் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபின் அந்தத் தாச்சிதான் எங்களுக்குச் சோறு போட்டது. 2020இல் நான் பட்டதாரிப் பயிலுநராக மாதம் 20,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன். இப்போது வேலை நிரந்தரம். "இனி வீட்டில் இருங்கோ" என்றால், "இருந்து என்ன செய்யிறது?" என்று கேட்கிறார். தாயை வெயிலில் விட்ட மகன் என்று ஊர் கதைக்கிறது. என்ன செய்யலாம்?

லொறிக்காரன்:
இதில் கேட்க என்ன இருக்கிறது? நிற்பாட்டுங்கோ. சுடுமணலைக் கிண்டிக் கிண்டிப் பார்த்திருக்கிறீர்களா? புகை கண்ணுக்குள், சூடு முகத்தில். என் அம்மாவும் கச்சான் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினவர்தான். "வேலை செய்தால்தான் உடம்பு நல்லாயிருக்கும்" என்று அவரும் சொன்னார். இப்போது இடுப்பு நிமிராது. சனம் வேலை செய்வது பசிக்கு. மற்றதெல்லாம் பிறகு சொல்லிக்கொள்கிற கதை.

தையல்மெசின்:
அண்ணை, பசிக்கு மட்டும் என்றால் நான் எப்போதோ நின்றிருப்பேன். வீட்டில் சோறு இருக்கிறது. நாலு வருசமாகக் கார்மென்ட்ஸுக்குப் போகிறேன். வேலை பிடிக்குமா என்றால் பிடிக்காது. ஒரே கொலர், ஒரே டார்கெட், மணிக்கொரு தரம் சுப்பவைசர். ஆனால் சம்பளத்தில் 8 வீதம் ஈபிஎப்புக்கு, அதுதான் சேமலாப நிதிக்கு, வெட்டுகிறார்கள், கம்பனி 12 வீதம் போடுகிறது. அந்தக் காசு என் பெயரில் இருக்கிறது. எங்கள் வீட்டில் என் பெயரில் வேறொன்றும் இல்லை, சைக்கிள்கூட. அப்புறம் விடிய பஸ்ஸில் கதைக்கிற கதை. அதை வீட்டில் யாருடன் கதைப்பது?

லொறிக்காரன்:
தங்கச்சி, நீங்களே என் பக்கம்தான் பேசுகிறீர்கள். உங்களுக்கு ஈபிஎப் இருக்கிறது, லீவு இருக்கிறது. கச்சான் அம்மாவுக்கு எது? காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானம் பூச்சியம். "விரும்பித்தான் செய்கிறார்" என்பது பிள்ளைகளுக்கு வசதியான பேச்சு.

சிறுபோகம்:
தம்பி, எனக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் வயல். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், அந்தக் காலபோகத்தில் வெட்டுக்கூலிக்கே நகை அடகுக்குப் போனது. 2018 மார்கழி வெள்ளத்தில் கதிரே மிஞ்சவில்லை. உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது சும்மா இல்லை. கனடாவிலிருந்து மகன் "விட்டுவிடுங்கோ அப்பா, நான் அனுப்புறன்" என்கிறான். அனுப்புகிறான்தான். ஆனால் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்துத் தண்ணியில் சிறுபோகம் விதைக்கிற பங்குக்கு எழும்பிச் சண்டை பிடிக்க எனக்கு வயல் வேண்டுமே. வயல் இல்லாதவனை அங்கே யார் இருத்துவார்கள்?

லொறிக்காரன்:
ஐயா, உங்களுக்குக் காணி இருக்கிறது, பேசலாம். கூலிக்காரனிடம் கேட்டுப் பாருங்கோ.

தையல்மெசின்:
அதுவும் சரிதான். ஆனால் முதலில் அவரின் அம்மாவிடம் யாராவது ஒழுங்காகக் கேட்டார்களா?

குளக்கட்டான்:
கேட்டேன். சனிக்கிழமை கடையில் போய் இருந்தேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அரிதட்டில் மணலைப் பிரித்தபடி, "உன்ர காசெண்டா நான் கேட்டு வாங்கோணும்" என்றார். நான் மாதா மாதம் கேட்காமலே கொடுக்கிறேன். அதையும் சொன்னேன். "பேத்திக்குத் தோடு வாங்க உன்னிட்டக் கேட்டனானே?" என்றார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் கந்தோரில் மூன்று பேரின் வேலைக்கு ஒன்பது பேர் இருக்கிறோம். கதிரை பிடிக்க நேரத்தோடு போவேன். பின்னேரம் நாலே காலுக்கு அன்று என்ன செய்தேன் என்றால் சொல்ல ஒன்றும் இராது. அம்மா சுண்டுப் பேணியால் அளந்து, மேலே ஒரு பிடி போட்டுச் சரையை மடிக்கும்போது, பஸ் கண்டக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊர்க்கதை ஒரு சாட்டுத்தான் போல.

ஒரு தாச்சி நானும் வறுத்தேன். பாதி கருகிவிட்டது.

லொறிக்காரன்:
நான் சொன்னதை மாற்றவில்லை. 64 வயதில் அந்த அடுப்பு வேண்டாம். குறைந்தது வறுக்க ஒரு ஆளாவது போடுங்கோ. வெள்ளிக்கிழமை வவுனியாவுக்கு லோட் இருக்கிறது, நிற்பேன். அம்மா வறுத்ததில் இரண்டு சரை எடுத்து வைக்கச் சொல்லுங்கோ.