தமிழ் மியூசிக் இண்டஸ்ட்ரில எவ்ளோ பணம் சுத்துதுன்னு ஓப்பன் டேட்டா வச்சு கணக்கு போட முடியுமா?

மதுரை_டேட்டாகாரன்

வணக்கம் மக்களே. எம்.ஏ. எக்கனாமிக்ஸ் கடைசி செமஸ்டர். தமிழ் மியூசிக் இண்டஸ்ட்ரியோட சைஸ் என்னன்னு அளக்குறேன்னு தலைப்ப குடுத்துட்டேன், கைடும் ஓகே சொல்லிட்டாரு, இப்பதான் தெரியுது கையில எடுக்குற மாதிரி டேட்டாவே இல்லன்னு. ஐஎஃப்பிஐ (உலக அளவுல ரெக்கார்டிங் கம்பெனிகளோட சங்கம்) ரிப்போர்ட்ல உலகம் முழுக்க ரெக்கார்டட் மியூசிக் 2023ல 2,860 கோடி டாலர்னு இருக்கு, ஆனா ஃபுல் ரிப்போர்ட் காசு குடுத்து வாங்கணும், அதுலயும் இந்தியா ஒரே நாடாத்தான் வரும். என் ஐடியா என்னன்னா ஸ்பாட்டிஃபை, யூட்யூப்ல தமிழ் பாட்டுக்கு வந்த ஸ்ட்ரீம், வியூ எல்லாத்தையும் ஏபிஐ (ப்ரோக்ராம் எழுதி அவங்ககிட்டேர்ந்து டேட்டா எடுக்குற வழி) வழியா இழுத்து, ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்ளோ பைசான்னு நெட்ல ஆளாளுக்கு போட்டிருக்காங்கல்ல, அத வச்சு பெருக்கிடலாம்னு. இது தேறுமா? வேற எங்க டேட்டா ஃப்ரீயா கிடைக்கும்?

கணக்குப்பிள்ளை

தம்பி, பெருக்கல் தேறாது. ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்ளோன்னு ஸ்பாட்டிஃபை யாருக்குமே ரேட் வச்சு குடுக்குறதில்ல. சந்தாவும் விளம்பரக் காசும் சேந்து ஒரு தொகை வரும், அதுல சுமார் மூணுல ரெண்டு பங்கு உரிமைக்காரங்களுக்கு போகும், மொத்த ஸ்ட்ரீம்ல உன் பாட்டோட சதவீதம் எவ்ளோவோ அந்த அளவுக்கு பங்கு. நெட்ல சுத்துற பைசா எல்லாம் யாரோ ஒருத்தருக்கு வந்த காச அவரோட ஸ்ட்ரீமால வகுத்து பாத்தது, அதுவும் பெரும்பாலும் அமெரிக்காகாரங்க கணக்கு. அங்க மாச சந்தா என்ன, நம்மூர் சந்தா என்ன, அதுலயும் இங்க ஓசில கேக்குறவங்கதான் ஜாஸ்தி. 2024லேர்ந்து இன்னொரு விஷயம், 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது, அப்ப சின்ன சின்ன இண்டிபெண்டண்ட் ஆட்களோட பாட்டையெல்லாம் நீ பெருக்கி வச்சா காத்துல கணக்கு எழுதுற மாதிரி.

பணத்த யாரு வெளிய சொல்லணும்னு சட்டம் இருக்கோ அங்கேர்ந்து ஆரம்பி. சரிகம, டிப்ஸ் மியூசிக் ரெண்டும் ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆனது, ஆனுவல் ரிப்போர்ட் ஃப்ரீ. மொழிவாரியா பிரிச்சு தரமாட்டாங்க, இருந்தாலும் ஒரு லேபிளுக்கு (பாட்டு வெளியிடுற கம்பெனிக்கு) காசு எந்தெந்த வழியா வருதுன்னு புரியும். அப்புறம் எந்த நம்பர எடுத்தாலும் அது கடை விலையா, மொத்த விலையா (ஹோல்சேல்)ன்னு பாரு. அமெரிக்காவுல ரெக்கார்டிங் கம்பெனிகளோட சங்கமான ஆர்ஐஏஏ 2023க்கு 1,710 கோடி டாலர்னு சொன்னது வாடிக்கையாளர் குடுக்குற விலைக்கு. அதே வருஷம் மொத்த விலைக்கு 1,100 கோடிதான். ஐஎஃப்பிஐ போடுறது மொத்த விலை. இது தெரியாம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சதவீதம் போட்டு கட்டுரை எழுதுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

எஸ்க்யூஎல்_சித்தர்

முதல்ல ஒண்ணு, ஸ்பாட்டிஃபை ஏபிஐ ஸ்ட்ரீம் எண்ணிக்கைய எப்பவுமே குடுத்ததில்ல ப்ரோ, பாப்புலாரிட்டின்னு 0லேர்ந்து 100க்குள்ள ஒரு மார்க் இருந்துச்சு அவ்ளோதான். எண்ணிக்கை வேணும்னா சார்ட்ஸ்ல இந்தியா டாப் 200தான். யூட்யூப் ஏபிஐ பரவால்ல, ஒரு நாளைக்கு 10,000 யூனிட் ஃப்ரீ, ஆனா சர்ச் பண்ணா ஒரு தடவைக்கு 100 யூனிட் போயிரும், வீடியோ ஐடி கைல இருந்தா 50 வீடியோவுக்கு சேத்து 1 யூனிட்தான், அதனால ஐடி லிஸ்ட்ட முதல்லயே ரெடி பண்ணிக்க. கண்டிஷன்ஸையும் படி, எடுத்த டேட்டாவ 30 நாளுக்கு மேல ரெஃப்ரெஷ் பண்ணாம வச்சிருக்க கூடாதுங்குறான், அப்ப வருஷக்கணக்கா டைம் சீரிஸ் சேத்து ஓப்பனா போடுறதெல்லாம் சிக்கல்.

நிஜமாவே ஓப்பன்னு சொன்னா மியூசிக்பிரெய்ன்ஸ்தான், பாட்டு விவரங்கள மக்களே சேத்து போடுற டேட்டாபேஸ். முக்கியமான டேட்டா மொத்தமும் சிசி ஜீரோ (யாரு வேணா எப்படி வேணா யூஸ் பண்ணலாம்), வாரத்துக்கு ரெண்டு தடவ டம்ப் (மொத்த டேட்டாவோட காப்பி) வருது, போஸ்ட்கிரேஸ்ங்குற ஃப்ரீ டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல ஏத்திக்கலாம். அதுல காசு இருக்காது, ஆனா எந்த பாட்டு எந்த லேபிள்கிட்ட, யாரு மியூசிக், யாரு வரிகள், எந்த வருஷம்னு இருக்கும். தமிழ் கவரேஜ் சுமார்தான், ஒரே இசையமைப்பாளருக்கு இங்கிலீஷ்ல நாலு ஸ்பெல்லிங்ல என்ட்ரி கிடக்கும், அத சரி பண்றதே உன் ப்ராஜெக்ட்ல பாதி வேலையா போகும் (பண்ணா அங்கயே திருத்தி போட்டுரு, அடுத்தவனுக்கும் உதவும்). ஐஎஸ்ஆர்சி (ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் குடுக்குற அடையாள எண்) கோட்ல ஆரம்ப எழுத்த பாத்து நாடு கண்டுபிடிக்கலாம்னு நினைக்காத, அது கோட் யாரு வாங்கினாங்கன்னு சொல்றது, பாட்டு எங்க உருவாச்சுங்குறதில்ல. பாட்டு கேக்குற ஆப்ல வின்க் 2024ல மூடிட்டாங்க, ரெஸ்ஸோவும் அதே வருஷம் போச்சு, அதுல இருந்த ப்ளே கவுண்ட் எல்லாம் இனிமே யாருக்கும் கிடைக்காது.

பழைய_எல்பி

எல்லாரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. நம்ம ஊர்ல மியூசிக்னாலே பெரும்பாலும் சினிமா. ஆடியோ ரைட்ஸ தயாரிப்பாளர் லேபிளுக்கு மொத்தமா ஒரு தொகைக்கு குடுத்துடுறாரு. அது தயாரிப்பாளருக்கு வரவு, லேபிளுக்கு செலவு. ரைட்ஸ் தொகை, லேபிளோட ஸ்ட்ரீமிங் வருமானம் ரெண்டையும் கூட்டினீங்கன்னா ஒரே காச ரெண்டு தடவ எண்ணுறீங்க. 2012 காப்பிரைட் திருத்தத்துக்கு அப்புறம் இசையமைப்பாளர், பாடலாசிரியரோட ராயல்டி உரிமைய எழுதி வாங்கிட்டு போக முடியாது, அந்த காசு ஐபிஆர்எஸ் (அவங்களுக்காக ராயல்டி வசூல் பண்ற சொசைட்டி) வழியா தனியா வரும். அவங்க ஆனுவல் ரிப்போர்ட்டையும் எடுத்து வச்சுக்கங்க. பழைய ரெக்கார்டுக்கு டிஸ்காக்ஸ்னு ரெக்கார்ட் பட்டியல் போடுற சைட் மாசா மாசம் டம்ப் போடுது, எக்கோ, இன்ரெகோ லேபிள் எல்பி எல்லாம் நிறைய இருக்கு.

தவில்வீட்டுப்_பொண்ணு

நீங்க எல்லாரும் பேசுறது ரெக்கார்ட் ஆன பாட்டு மட்டும்தாங்க. நாதஸ்வரம், தவில், பேண்ட் செட், மெல்லிசைக் குழு, பறை, இவங்க சம்பாதிக்கிறது எந்த ரிப்போர்ட்ல இருக்கு? மத்திய அரசோட பிஎல்எஃப்எஸ் (வேலைவாய்ப்பு சர்வே) யூனிட் டேட்டா, அதாவது ஒவ்வொரு ஆளோட பதிலும், ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம், ஆனா அதுல தொழில் கோட் மூணு இலக்கம்தான், 265ன்னு போட்டா இசைக்காரங்க, டான்ஸ் ஆடுறவங்க, நடிகர் எல்லாம் ஒரே மூட்டையா வரும். அப்ப நேரா போய் கேக்குறத தவிர வழியில்ல. டெக்சஸ்ல ஆஸ்டின்காரங்க அப்படித்தான் பண்ணாங்க, 2015ல வந்த அவங்க மியூசிக் சென்சஸ்ல கிட்டத்தட்ட 4,000 பேர் பதில் சொல்லியிருக்காங்க.

ஆனா "போன மாசம் எவ்ளோ சம்பாதிச்சீங்க"ன்னு கேக்காதீங்க தயவுசெஞ்சு. மார்கழில கேட்டா சபால வாசிக்கிறவருக்கு உச்ச சீசன், கல்யாணத்த நம்பி இருக்குற நாதஸ்வர செட்டுக்கு ஒண்ணுமே இருக்காது. ஆடில கல்யாணம் இல்ல, ஆனா அம்மன் கோயில் திருவிழா ஓடும். வைகாசில கேட்டா முகூர்த்தமா இருக்கும். பேசுன தொகை வேற, செட்டுல இருக்குற ஆளுக்கு பிரிச்சு, வண்டி வாடகை குடுத்து, தவிலுக்கு தோல் மாத்தினது போக கைல நிக்கிறது வேற. எங்க வீட்ல பேசுன தொகைய கேட்டு எழுதிட்டு போனா நாங்க பணக்காரங்கன்னு வந்துரும்.

மதுரை_டேட்டாகாரன்

அக்கா, இதுதான் பண்ணப்போறேன். மொத்த இண்டஸ்ட்ரி நம்பர்னு வேணாம், மதுரை, திண்டுக்கல், தேனி மட்டும் எடுத்து வாசிக்கிறவங்க சர்வே, லேபிள் பக்கத்துக்கு ஆனுவல் ரிப்போர்ட், ரெண்டையும் கூட்டாம தனித்தனி அத்தியாயமா வைக்கிறேன். சர்வே டேட்டாவ பேர், நம்பர் எடுத்துட்டு ஓப்பனா போட்டுடலாம்ல?

தவில்வீட்டுப்_பொண்ணு

பேர எடுத்தா போதாது தம்பி. ஒரு ஊர்ல இருக்குறதே ஒரே ஒரு செட்டா இருக்கும், ஊர் பேரும் வாத்தியமும் போட்டா யாருன்னு அந்த ஏரியாவுக்கே தெரிஞ்சிரும், அடுத்த கல்யாணத்துக்கு "போன வருஷம் இவ்ளோக்குத்தான வாசிச்சீங்க"ன்னு வந்து நிப்பாங்க. ஊருக்கு பதிலா மாவட்டம், வயசும் வருமானமும் ரேஞ்சா போடுங்க, டேபிள்ல ஒரு கட்டத்துல அஞ்சு பேருக்கு கம்மியா விழுந்தா பக்கத்து கட்டத்தோட சேத்துருங்க. இத ஃபார்ம்லயே எழுதி அவங்ககிட்ட படிச்சு காமிச்சிட்டு அப்புறம் கேள்வி கேளுங்க.

எஸ்க்யூஎல்_சித்தர்

+1. பேர் எல்லாம் இருக்குற ரா ஃபைல கிட்ஹப்ல (ஃபைல் ஷேர் பண்ற சைட்) ஏத்திறாத, ப்ரைவேட் ரெப்போன்னாலும் வேணாம்.