புதுப்பிப்பு: சுவரை உதைத்த பிறகு வேகம் குறைவது ஏன்?

நீச்சலில் குளத்துச் சுவரை உதைத்துக் கிளம்பியதும் மகளின் வேகம் சட்டென்று குறைகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். வேளச்சேரி குளத்தில் பயிற்சியாளர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: தலைதான் காரணம். எதிர்ப்பக்கத்தைப் பார்க்க முகத்தைத் தூக்குகிறாள். உடனே இடுப்பு தாழ்ந்து, நெஞ்சும் தொடையும் தண்ணீரோடு மோதுகின்றன. இப்போது ஒரு கை மேல் மறு கை, முழங்கை மடங்காமல், மேற்கை காதை ஒட்டி, பார்வை நேரே கீழே தரையில். நன்றாகவே வழுக்கிப் போகிறாள். மேற்பரப்பை ஒட்டிப் போகாமல் அரை மீட்டர் ஆழத்தில் போனால் அலை எழும்புவதால் வரும் தடையும் குறையும்.

அப்புறம், டால்ஃபின் உதையை (தண்ணீருக்கடியில் இரு கால்களையும் சேர்த்து அலைபோல் அடிப்பது) எப்போது தொடங்குவது என்று ஒருவர் கேட்டிருந்தார். வேகம் நன்றாக இறங்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஃப்ரீஸ்டைல் போட்டியில் சுவரிலிருந்து 15 மீட்டருக்குள் தலை தண்ணீருக்கு மேலே வந்தாக வேண்டும் என்பது விதி. சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் தேவையே இல்லை. மூச்சடக்கும் போட்டி மட்டும் வைக்காதீர்கள், ஆபத்து.