பள்ளியில் நடக்கும் சீண்டலைத் தடுக்க ஆய்வாளர்கள் வேண்டுமா, வாத்தியாரின் கண்டிப்பே போதுமா?

கிருஷ்ணகிரி அம்மா:
எங்கள் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பெயர் எழுதாத கேள்வித்தாள் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எங்கே, எப்போது, எப்படிச் சீண்டப்படுகிறார்கள் என்று கேட்கலாம், அப்புறம் இதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களை அழைத்து என்ன செய்யலாம் என்று பேசலாம் என்றார்கள். பாதிப் பேருக்குக் கோபம். நாலு தட்டு தட்டினால் சரியாகிற விஷயத்துக்கு ஆராய்ச்சியா என்கிறார்கள். என் மகன் எட்டாவது படிக்கிறான். வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், அவன் தமிழ் வாசிக்கும்போது ஒரு எழுத்து பிசகினால் வகுப்பே சிரிக்கிறது, பஸ்ஸில் பையைப் பிடுங்கிக் கடைசி சீட்டுக்கு எறிகிறார்கள், இப்போதெல்லாம் காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறான். கேள்வித்தாள் வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார், தர்மபுரி:
அம்மா, உங்கள் மகனுக்கு நடப்பது அநியாயம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கேள்வித்தாள், ஆய்வாளர், பயிற்சி என்று போவதை நான் எதிர்க்கிறேன். இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எவன் எவனை மிரட்டுகிறான் என்பது வகுப்பில் நிற்கிற ஆசிரியருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். இன்று அந்த ஆசிரியருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் குரலை உயர்த்தினால் மறுநாள் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். வகுப்பில் இருபது பிள்ளைகள் இருக்கிற நாட்டில் எழுதிய ஆய்வைக் கொண்டுவந்து அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் வைத்தால் என்ன ஆகும்? கல்லூரி ராகிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் ராகிங்கில் மருத்துவ மாணவர் நாவரசு கொலை நடந்தது, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது, பயம் வந்தது, குறைந்தது. எந்த ஆராய்ச்சி அதைக் குறைத்தது?

ஓசூர் செல்வி:
வணக்கம் சார். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றீர்கள். கனடாவில் டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் என்ற இரண்டு பேராசிரியைகள் அதைச் சோதித்தே பார்த்தார்கள். மைதானத்தில் பிள்ளைகளின் உடையில் சின்ன மைக் மாட்டி, தூரத்திலிருந்து கேமராவில் பதிவு செய்தார்கள். ஆசிரியர்கள் தலையிட்டது மிகச் சொற்பம். அவர்கள் மோசமான ஆசிரியர்கள் என்பதால் இல்லை, ஒவ்வொரு சீண்டலும் அரை நிமிடம் முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். அதே பதிவுகளை வைத்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. சுற்றி நின்ற பிள்ளைகளில் யாராவது தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை 10 நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. ஆனால் அப்படித் தடுத்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவைதான். வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் கூட்டத்தில் அதிகம், அவர்களை மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வியே. பிரம்பு சீண்டியவனின் முதுகுக்குப் போகும், வேடிக்கை பார்த்த முப்பது பேரை அது தொடவே தொடாது.

ராகிங் சட்டத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அங்கே குற்றம் செய்கிறவர் வயது வந்த பெரியவர். எட்டாம் வகுப்புப் பையனை அதே வகுப்பில் அதே பெஞ்சில் வருஷம் முழுக்க வைத்துக்கொண்டு திருத்த வேண்டியிருக்கிறது.

தளி ரோடு:
செல்வி அக்கா சொல்வது உண்மை. நான் கன்னடம் பேசுகிற வீட்டுப் பையன், தேன்கனிக்கோட்டைப் பக்கம் படித்தவன், இப்போது ஓசூரில் கம்பெனி வேலை. எங்களுக்கு நடந்ததெல்லாம் வகுப்புக்கு வெளியே. டவுன் பஸ்ஸின் பின்படிக்கட்டில், குழாயடியில், சத்துணவு வரிசையில், கழிவறைப் பக்கம். வாத்தியாரிடம் சொன்னால் அவனைக் கூப்பிட்டு அடிப்பார், சாயங்காலம் பஸ்ஸில் அந்த அடி வட்டியோடு எங்களுக்கு வரும். அதனால் சொல்வதையே விட்டுவிட்டோம். புகார் வரவில்லை என்பதால் பள்ளி அமைதியாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கணக்கு வாத்தியார், தர்மபுரி:
தம்பி, நீங்கள் பட்டது வருத்தமாக இருக்கிறது. பஸ் வரைக்கும் ஆசிரியர் வர முடியாது என்பதும் சரிதான். ஆனால் ஆய்வாளர் மட்டும் பஸ்ஸில் வருவாரா? செல்வி, கணக்கு சொல்லிக்கொடுத்தவன் கேட்கிறேன், இந்தத் திட்டங்களால் எத்தனை சதவீதம் குறைந்தது? கனடா என்று பெயர் சொன்னால் போதாது.

ஓசூர் செல்வி:
நியாயமான கேள்வி சார். 1982 கடைசியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள், சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்று பேசப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த அரசு நாடு முழுக்கத் தடுப்பு இயக்கம் தொடங்கியது. அதோடு சேர்த்து டான் ஓல்வெயஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 பிள்ளைகளை 1983 முதல் 1985 வரை பின்தொடர்ந்தார். முதலில் பெயர் எழுதாத கேள்வித்தாள், அப்புறம் இடைவேளையில் பெரியவர்களின் கண்காணிப்பு, வகுப்பு விதிகள், பெற்றோரோடு பேச்சு. சீண்டல் பாதியளவு குறைந்தது என்று எழுதினார். அதே முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது பலன் இடத்துக்கு இடம் மாறியது, அதை மறைக்க மாட்டேன். 2011-ல் மரியா டோஃபி, டேவிட் ஃபாரிங்டன் இருவரும் பல நாட்டு ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சராசரியாக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

கணக்கு வாத்தியார், தர்மபுரி:
ஆக 20 சதவீதம். மீதி 80 அப்படியே இருக்கும். இதற்குக் கூட்டம், பயிற்சி, படிவம், வெளியாள் செலவு. நான் இருந்த காலத்தில் தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்தாலே பள்ளி அடங்கும். தொடர்ந்து தொல்லை தருகிறவனுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிட்டால் மற்றவர்கள் தானாக ஒழுங்காவார்கள்.

ஓசூர் செல்வி:
டிசி வாங்கியவன் எங்கே போவான் சார்? பென்னாகரத்தில் இருந்து அனுப்பினால் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போவான், இல்லையென்றால் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போவான். விதி மீறினால் உடனே வெளியே என்ற கொள்கையை அமெரிக்கப் பள்ளிகள் நிறைய நடத்திப் பார்த்தன. அந்த நாட்டு உளவியல் சங்கம் போட்ட குழு 2008-ல் எல்லா ஆய்வுகளையும் அலசி, இதனால் பள்ளிகள் பாதுகாப்பானதாக ஆனதற்கு ஆதாரமில்லை என்று சொன்னது. சீண்டப்படுகிறவர்களில் ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் காலையில் வயிற்று வலி வராமல் போனால் அது எனக்குச் சின்ன எண் இல்லை.

பென்னாகரம் டீச்சர்:
நான் இப்போது பணியில் இருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செல்வி, நீங்கள் சொல்கிற திட்டத்தைக் கடைசியில் யார் தலையில் கட்டுவீர்கள்? எங்கள் தலையில்தான். நம் நாட்டு ஆய்வே அதைக் காட்டுகிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் சேஹர் என்ற திட்டத்தை நடத்தினார்கள், 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. சில பள்ளிகளில் அதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள், பெரிய மனநலப் பட்டமெல்லாம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆள். சில பள்ளிகளில் அங்கே இருக்கிற ஆசிரியர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்தார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கமான பாடத்திட்டம். தனி ஆள் இருந்த பள்ளிகளில் சீண்டல் குறைந்தது, வன்முறை குறைந்தது, பிள்ளைகளின் மனச்சோர்வும் குறைந்தது. ஆசிரியர் செய்த பள்ளிகளில் குறிப்பிடும்படி எதுவுமே மாறவில்லை. பாடமும் நடத்தி, மதிப்பெண்ணும் போட்டு, திட்டவும் செய்கிற ஒருவரிடம் பிள்ளை மனசைத் திறந்து பேசாது. பேசினாலும் கேட்க எங்களுக்கு ஏது நேரம்?

கணக்கு சார், இது உங்களுக்கும் பதில். வெளிநாட்டு வகுப்பு வேறு என்றீர்கள், நாளந்தா வகுப்பு நம்முடையது போலத்தானே.

தளி ரோடு:
டீச்சர் சொன்ன தனி ஆள்தான் நாங்குநேரிக்குப் பிறகும் கேட்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு போட்டது, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பதோடு, 500 பேருக்கு மேல் படிக்கிற பள்ளிகளில் நலன் பார்க்க ஓர் அலுவலர் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நம் பக்கமும் கிண்டல் என்று தொடங்குவது பாதி நேரம் சாதியில்தான் போய் நிற்கிறது. பட்டப்பெயரைக் கேட்டாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். இதற்குப் பிரம்பு எடுக்கிற வாத்தியாரும் அதே ஊர்க்காரராக இருந்தால் பையன் யாரை நம்புவான்?

கணக்கு வாத்தியார், தர்மபுரி:
சாதி பார்த்து அடித்த ஆசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காக வாதாட மாட்டேன். பீகார் முடிவு எனக்குப் புதிய செய்தி, யோசிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தனி ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? 500 பேர் இருக்கிற பள்ளி என்றால் தர்மபுரி, ஓசூர் டவுனுக்குச் சரி. சித்தேரி மலையில் நூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு யார் வருவார்கள்? அங்கே கடைசி வரை ஆசிரியர்தான் இருப்பார். அவருடைய கண்டிப்பையும் பறித்துவிட்டால் அங்கே ஒன்றுமே மிஞ்சாது. இதில் நான் மாறப்போவதில்லை.

பென்னாகரம் டீச்சர்:
கண்டிப்பை யாரும் பறிக்கவில்லை சார், அடியையும் மன உளைச்சல் தருவதையும்தான் சட்டம் தடுத்திருக்கிறது, கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. மலைப் பள்ளிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாலைந்து பள்ளிக்கு ஒருவர் என்று சுற்றி வரச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமலே கிடைக்காது என்று முடிவு கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கிருஷ்ணகிரி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. அடுத்த கூட்டத்தில் கேள்வித்தாளை மறுபடி வைக்கப்போகிறேன். பஸ்ஸைப் பற்றியும் குழாயடியைப் பற்றியும் தனிக் கேள்வி சேர்க்கச் சொல்வேன். செல்வி, கேள்விகளை எப்படி எழுதுவது?

ஓசூர் செல்வி:
அக்கா, "உன்னைச் சீண்டுகிறார்களா" என்று மொட்டையாகக் கேட்டால் பாதிப் பிள்ளைகள் இல்லை என்று எழுதிவிடும். கடந்த இரண்டு மாதத்தில் என்று காலம் சொல்லி, எத்தனை தடவை, எந்த இடத்தில், யாரிடமாவது சொன்னாயா என்று பிரித்துக் கேளுங்கள். பட்டப்பெயர், பையைப் பறிப்பது, சேர்க்காமல் ஒதுக்குவது, போனில் படம் போட்டுக் கேலி செய்வது எல்லாம் தனித்தனியாக. பதில் தாளை வகுப்பாசிரியர் வாங்கக் கூடாது, பெட்டியில் போடட்டும். யாருக்காவது உடனே உதவி தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417 இரண்டையும் தாளின் கீழே அச்சடித்துவிடுங்கள்.

கணக்கு வாத்தியார், தர்மபுரி:
ஒன்று விட்டுவிட்டீர்கள். ஆறாம் வகுப்பில் சரளமாகத் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், சீண்டப்படுவதே பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களுக்குக் கேள்வியை யார் படித்துக் காட்டுவது? அதே வகுப்பாசிரியர் என்றால் பதில் வராது.

பென்னாகரம் டீச்சர்:
பக்கத்துப் பள்ளி ஆசிரியரை வரச் சொல்லலாம் சார். இந்த அம்மா பள்ளிக்குத் தெலுங்கு தெரிந்தவராக இருக்க வேண்டும், தளிப் பக்கம் என்றால் கன்னடம். ஓய்வு பெற்றவர்களும் செய்யலாம். நீங்கள் வருவீர்களா?

கணக்கு வாத்தியார், தர்மபுரி:
கண்டிப்பு வேண்டும் என்ற என் கருத்தோடுதான் வருவேன். தேதியைச் சொல்லுங்கள்.