நம் கடைகளைப் பறித்தது 1963-இல் வந்த அந்தத் தத்துவ நூலா?

தட்டோன் மணி:
யாங்கூன் தமிழ் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ‘மனிதனும் அவன் சூழலும்’ பற்றிப் பேசலாம் என்கிறார்கள். ராணுவ ஆட்சியின் கட்சியான பர்மா சோஷலிசத் திட்டக் கட்சி தன் கொள்கை விளக்கமாக 1963 ஜனவரியில் வெளியிட்ட நூல். அதைத் தத்துவமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பிப்ரவரியில் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. 1964 மார்ச்சில் கடைகள். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எங்கள் தாத்தா கல்லாவைப் பூட்டக்கூட விடவில்லை, சாவியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

மொகல் தெரு வாசகி:
மணி அண்ணே, நூலைப் புரட்டினீர்களா? பௌத்தம் சொல்லும் மூன்று உலகங்களில் தொடங்குகிறது. எதுவும் நிலையில்லை, மனமும் பொருளும் ஒன்றையொன்று மாற்றும், எல்லாவற்றிலும் மனிதனே முக்கியம் என்று போகிறது. மார்க்ஸின் இயங்கியலை, அதாவது முரண்களின் மோதலால்தான் எல்லாம் மாறுகிறது என்ற கருத்தை, பௌத்தச் சொல்லில் சொல்லப் பார்த்த முயற்சி. ராணுவம் ஆட்சியைப் பிடித்தது 1962 மார்ச் 2. ‘சோஷலிசத்துக்கான பர்மிய வழி’ அறிக்கை ஏப்ரல் 30. முடிவெடுத்துவிட்டுப் பிறகுதான் தத்துவம் தேடினார்கள்.

அதோடு, நம்மவர்மேல் கோபம் அதற்கு எவ்வளவோ முன்பே வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937 வாக்கில் 25. நெல் விலை விழுந்தது, கடன் கட்ட முடியவில்லை, அடமான நிலம் வட்டிக்கடைக்கு வந்தது. விவசாயி அதை மறப்பானா?

தட்டோன் மணி:
செட்டியார் நிலக் கணக்கை மளிகைக்கடைக்காரன் தலையில் கட்டாதே தங்கச்சி. நான் சொல்வதே அதுதான். சுரண்டுகிறவன் யார் என்பதற்கு ஒரு கொள்கை அளவு வைக்கவில்லை என்றால், வாசலில் வந்து நிற்கும் அதிகாரிதான் அளவு வைப்பான். அரிசி, பருப்பு விற்றவனும் லட்சாதிபதியும் ஒரே பட்டியலில் ஏறினார்கள்.

மோலமைன் செல்வி:
பர்மியர், சீனர் கடைகளும்தானே போயின? நமக்கு மட்டும் ஏன் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டி வந்தது? குடியுரிமைத் தாள் இல்லை. 1948-இல் விண்ணப்பிக்க வழி இருந்தும் எத்தனையோ பேர் போடவில்லை. வெளிநாட்டார் பதிவு அட்டையோடு இருந்துவிட்டார்கள். இரண்டு பேரும் அதைத் தொடவே இல்லை.

மொகல் தெரு வாசகி:
செல்வி சொன்னது முக்கியம். இன்னொன்று: இடதுசாரிச் சிந்தனை இங்கே 1963-இல் இறங்கவில்லை. 1937-லேயே நகானி புத்தகக் கழகம் அதைப் பரப்பியது. தொடங்கியவர்களில் ஊ நூவும் ஒருவர். அவர் பிரதமரானபோதும் 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. ஆனால் அன்று நாடாளுமன்றம் இருந்தது, எதிர்த்துப் பேச ஆள் இருந்தான். 1964-இல் கடைகளை எடுத்த அதே மார்ச்சில்தான் மற்ற கட்சிகள் எல்லாம் தடை செய்யப்பட்டன. குற்றம் அங்கே இருக்கிறது, நூலில் இல்லை.

தட்டோன் மணி:
எதிர்த்துப் பேசியவனை மக்களின் எதிரி என்று சொல்ல அவர்களுக்கு வாய் கொடுத்தது எது? அந்தக் கொள்கைதானே. வட்டத்தில் தாராளமாகப் படிக்கட்டும். பக்கத்தில் அந்த மே மாத நோட்டு ஆணையையும் வையுங்கள்.

மொகல் தெரு வாசகி:
வைக்கிறேன் அண்ணே. 1937 நிலக் கணக்கையும் சேர்த்து வைப்பேன்.