ஏ.கே.டி போட்டும் தண்ணீர் உறிஞ்சும் காகிதம்

கேள்வி: கரும்புச் சக்கைக் கூழில் காகிதம்; நிரப்பி பிசிசி (வீழ்படிவாக்கிய கால்சியம் கார்பனேட் தூள்). தாள் தண்ணீர் உறிஞ்சாமலிருக்க, உலர்ந்த நாருக்கு 0.15% ஏ.கே.டி (ஆல்கைல் கீட்டீன் டைமர்). இயந்திரத்தின் ரீலில் காப் 60 மதிப்பு (60 நொடியில் ஒரு சதுர மீட்டர் தாள் உறிஞ்சும் தண்ணீர், கிராமில்) 24. ஒரு வாரம் கிடங்கில் கிடந்தால் 40 தாண்டுகிறது. அளவைக் கூட்டலாமா சார்?

பதில் 1: வேண்டாம். நாரோடு பிணையாத ஏ.கே.டி, பிசிசி துகளில் ஒட்டிக்கொண்டு ஈரத்தில் கீட்டோனாக மாறுகிறது; அது தண்ணீரைச் சரிவரத் தடுக்காது. கூட்டினால் தாள் வழுக்கி, அடுக்கு சரியும். பிசிசியில் மிச்சச் சுண்ணாம்பு இருக்கிறதா பாருங்கள்; அது பிஎச்சை ஏற்றும். பிஎச் 9 தாண்டினால் ஏ.கே.டி தண்ணீரோடு சீக்கிரம் வினைபுரிந்து வீணாகும். 7.5–8.5 போதும்.

பதில் 2: கூழ் கழுவலையும் கவனியுங்கள். எதிர்மின் அழுக்கு தங்கினால் கேட்டயனிக் ஸ்டார்ச்சை (ஏ.கே.டியை நாரில் பிடித்து வைக்கும் நேர்மின் மாவு) அதுவே தின்றுவிடும், ஏ.கே.டி நாரில் நிற்காமல் வெள்ளைநீரில் (தாளிலிருந்து வடியும் நீர்) சுற்றும். ஏ.கே.டியை நிரப்பிக்கு முன், கூழை நீர்க்கச் செய்யும் முன், கெட்டிக் கூழிலேயே சேருங்கள்.

கேட்டவர்: வெள்ளைநீர் பிஎச் 9.2! சுண்ணாம்புதான்.

பதில் 1: அப்போ பிசிசி தயாரிப்பில் கார்பனேற்றத்தை (சுண்ணாம்பில் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவதை) முழுதாக முடியுங்கள்.