கேப்பிபாராவுக்கு ஒட்டகக் குரல் கொடுத்துவிட்டு 'அசல்' என்கிறார்களே!

மயூர்விகார் அப்பா:
ஞாயிற்றுக்கிழமை சாகேத் தியேட்டரில் எல்லோருமாக 'ஃப்ளோ' பார்த்துவிட்டு வந்தோம், வெள்ளத்தில் பூனையும் மற்ற விலங்குகளும் ஒரே படகில் தப்பிக்கும் அந்த அனிமேஷன் படம். ராத்திரியே முனிர்கா தம்பி நம் குழுவில் எழுதிவிட்டார்: "இதில் ஒவ்வொரு விலங்குக்கும் அதன் சொந்தக் குரல்தான், இதுவல்லவா அசல்!" படித்ததும் எரிச்சல் வந்தது. கேப்பிபாராவுக்கு, அதாவது படகில் வரும் அந்தக் குண்டுப் பழுப்புப் பிராணிக்கு, வருவது ஒட்டகக் குட்டியின் குரல். நிஜக் கேப்பிபாராவைத் தேடிப் போய், கிச்சுகிச்சு மூட்டித்தான் சத்தத்தையே பதிவு செய்ய முடிந்தது. அதுவும் கீச்சென்று இருந்ததால் தள்ளிவிட்டு ஒட்டகத்தைப் போட்டார்கள். அப்புறம் என்ன சொந்தக் குரல்?

முனிர்காக்காரன்:
சார், படகில் இருக்கும் ஐந்தில் நான்கு அசல். பூனைக்குப் பூனை, நாய்க்கு நாய். 85 நிமிஷமும் ஒரு வார்த்தை பேச்சில்லை. லாட்வியா மாதிரி குட்டி நாட்டுப் படம், ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது, 2025இல் ஆஸ்கர் வாங்கியது. இதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லையா?

மயூர்விகார் அப்பா:
ஆஸ்கரைப் பற்றி நான் கேட்டேனா? "ஒவ்வொரு விலங்குக்கும்" என்று எழுதியது நீங்கள். கேப்பிபாராவுக்கு ஒட்டகம்.

கரோல்பாக் மாமி:
குழந்தைகள் படத்தில் நாலு வார்த்தையாவது பேச வேண்டாமா? "பாட்டி, பூனை ஏன் பேசலை?" என்று என் பேரன் நச்சரித்துவிட்டான். பஞ்சதந்திரத்தில் காக்கை, நரி எல்லாம் பேசும். அந்தப் பெரிய எலி யார் குரலில் கத்தினால் என்ன?

முனிர்காக்காரன்:
மாமி, பேசாததுதான் அழகு. வெள்ளம் ஏறி ஏறி அந்தப் பிரம்மாண்டமான பூனைச் சிலையின் உச்சியில் பூனை தனியாக நிற்குமே, அப்போது என் மகள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் போட்ட பிறகு பார்த்தால் நாலு நகத் தடம். அந்த இடத்தில் என்ன வசனம் வைப்பீர்கள்?

ஜனக்புரி வாத்தியார்:
எலி என்று சொல்லாதீர்கள். தென் அமெரிக்காவில் வாழ்வது. கொறிக்கும் விலங்குகளிலேயே மிகப் பெரியது.

கரோல்பாக் மாமி:
கொறித்தால் எலிதான். போன பொங்கல் நாடகத்தில் முயல் வேஷம் கேட்ட என் பேரனை மரமாக நிற்க வைத்தவர் நீங்கள். நீங்களா எனக்கு விலங்குப் பாடம் எடுப்பது?

ஜனக்புரி வாத்தியார்:
அது எல்லோரும் கூடி எடுத்த முடிவு. அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

மயூர்விகார் அப்பா:
பேச்சை மாற்றாதீர்கள். ஜனவரி 26 பரேடுக்கு விடியற்காலையிலேயே போய் உட்காருகிறவன் நான். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகம் ஒன்று பக்கத்தில் நின்று உறுமியதைக் கேட்டிருக்கிறேன். தொண்டைக்குள் குடம் உருளுகிற மாதிரி இருக்கும். படகில் சாய்ந்து படுத்துக்கொண்டு கேப்பிபாரா முனகியபோதே எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து தேடினால், படக்குழுவே சொல்லியிருக்கிறது. என் பையன் இன்று பள்ளியில் "கேப்பிபாரா இப்படித்தான் கத்தும்" என்று கத்திக் காட்டியிருக்கிறான். அவன் கத்தியது ஒட்டகம்! யார் திருத்துவது?

முனிர்காக்காரன்:
அவர்களே சொல்லியிருக்கும்போது பொய் எங்கே வந்தது? எதற்கும் அலட்டிக்கொள்ளாத பிராணி அது. கீச்சுக் குரல் போட்டிருந்தால் தியேட்டரே சிரித்திருக்கும். குணத்துக்கேற்ற குரல் வேண்டும் சார்.

மயூர்விகார் அப்பா:
அதற்குப் பெயர் டப்பிங். யானை இந்தி பேசினால் திட்டுவீர்கள், கேப்பிபாரா ஒட்டகம் பேசினால் கலை என்பீர்களா?

முனிர்காக்காரன்:
ஒட்டகமும் விலங்குதானே! மனுஷன் யாரும் மைக் முன்னால் நின்று கத்தவில்லையே.

கரோல்பாக் மாமி:
சரி, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் பணம் இன்னும் மூன்று வீட்டிலிருந்து வரவில்லை. கைக்காசு போட்டது நான்.

மயூர்விகார் அப்பா:
நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேன் மாமி. முனிர்கா தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

முனிர்காக்காரன்:
நாளைக்குப் பணம் அனுப்புகிறேன் மாமி. சார், குரங்கு மாதிரி இருக்கும் அந்த லீமர் கண்ணாடியும் கூடையுமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரையும் தொடவிடாதே, அதே மாதிரி அந்த ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மயூர்விகார் அப்பா:
லீமருக்கு லீமர் குரல். அதில் எனக்குக் குறையே இல்லை. கேப்பிபாராவுக்குப் பதில் சொல்லுங்கள்.