'பூட் லூப்': 'தொடக்கச் சுழல்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி முழுதாக எழும் முன்பே அணைந்து, தானே மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும் நிலைதான் 'பூட் லூப்'. அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே இதுவரை 'தொடக்கத் தோல்வி', 'துவக்க மடக்கு', 'தொடக்கச் சுழற்சி' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் 'தொடக்கச் சுழல்' என்பதை முன்வைக்கிறேன்.

போன மாதம் ஊரிலிருந்து மைத்துனர் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் ஆன் ஆகமாட்டேங்குது அத்தான்" என்றார். மின்சாரமே வரவில்லை என்று நினைத்து, பிளக்கைப் பாருங்கள், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) விசிறி சுற்றுகிறதா பாருங்கள் என்று அரை மணி நேரம் அலைக்கழித்துவிட்டேன். அப்புறம் வீடியோ அழைப்பில் பார்த்தால், பெட்டி நன்றாகவே எழுகிறது. விண்டோஸ் வருமுன் அணைந்து, தானே மறுபடி எழுகிறது. நினைவகப் பலகையான ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் சரியாகிவிட்டது. அந்த நிலைக்கு எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு பெயர் இருந்திருந்தால் அந்த அரை மணி நேரம் மிச்சம்.

அதனால்தான் 'தோல்வி' போதாது என்கிறேன். திரை கருப்பாகவே கிடப்பதும் தோல்விதான், விண்டோஸ் சின்னத்தோடு அப்படியே நின்றுவிடுவதும் தோல்விதான். 'மடக்கு' நிரலாக்கப் பாடத்தில் வருவது, ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் 'லூப்'. நாமே வேண்டுமென்று எழுதுவது. 'துவக்க' என்று ஆரம்பிப்பதிலும் தயக்கம் உண்டு: ஈழத்து நண்பர்களுக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி.

மிஞ்சுவது சுழற்சியும் சுழலும். நீர்ச் சுழற்சி, பயிர்ச் சுழற்சி எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டியவை. சுழல் அப்படியல்ல. ஆற்றுச் சுழலில் அகப்பட்டவரைக் கரையிலிருந்து யாராவது இழுத்தால்தான் உண்டு. 2024 ஜூலை 19 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. திருத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் அதை இறக்கிக்கொள்ளும் முன்பே பல கணினிகள் மறுபடி மறுபடி விழுந்தன. ஆட்கள் போய், ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் (அத்தியாவசிய நிரல்கள் மட்டும் இயங்கும் நிலையில்) எழுப்பி, அந்தப் புதுப்பிப்பில் வந்த பழுதான கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. சுழல் என்பது இதுதான்.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். "கணினி தொடக்கச் சுழலில் சிக்கியிருக்கிறது", "சுழலிலிருந்து மீட்பது எப்படி?" இரண்டுமே இயல்பாக வருகின்றன. பழுது பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வியும் எளிதாகிறது: "சின்னம் தெரியும் முன்பே சுழல்கிறதா, தெரிந்த பிறகா?" முன்பு என்றால் பெரும்பாலும் ரேம், எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்க்கலாம், பிறகு என்றால் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), புதுப்பிப்பு, வட்டு.

'பூட்' என்பது 'பூட்ஸ்ட்ராப்' (காலணி வார்) என்பதன் சுருக்கம். அந்தக் காலணி வாரை தமிழிலும் கொண்டுவர வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அது அவர்கள் மரபுத்தொடர். இங்கே யாருக்கும் எதையும் விளக்காது.

சின்னத்தோடு நின்றுவிடும் 'ஹேங்' நிலைக்கு 'உறைதல்' போதுமா, 'தொடக்க உறைவு' என்று தனியாக வேண்டுமா? சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.